கையொப்பத்துக்குப் பின் கண்ணுறக்கமா?

தணிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது பணக்கணக்கே. பங்கின் வரவு செலவாயினும் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடாயினும், காசு வந்த வழியும் போன வழியும் பொருந்திவிட்டால் தணிக்கை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். ஆனால் அரசின் கையிலிருந்து பணத்தைப் போலவே வெளியே செல்லும் வேறொன்றும் உண்டு. அதுதான் அனுமதி. கடலடியைத் தோண்ட அனுமதி, கரையில் ஆலை எழுப்ப அனுமதி, கழிவுநீரை வெளியேற்ற அனுமதி, அயல்நாட்டுப் பாசியை வளர்க்க அனுமதி என்று கோப்புகளில் நாள்தோறும் கையொப்பங்கள் விழுகின்றன. வீணாய்ப் போன பணத்தை அடுத்த ஆண்டு வரியாகத் திரட்டிக்கொள்ளலாம். தவறான அனுமதியால் மடிந்த பவளப்பாறையை எந்த வரவு செலவுத் திட்டத்தாலும் மீட்டுவிட இயலாது. அப்படியிருக்க, பணத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்கும் நாம், அனுமதிக்கு ஏன் கணக்குக் கேட்பதில்லை?

பாதுகாக்கப்பட்ட கடல் என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் மட்டும் ஒரு கடல் பாதுகாக்கப்பட்டுவிடாது. அக்கடலில் யாருக்கு, எதற்காக, எந்த நிபந்தனையின்பேரில் அனுமதி கொடுக்கப்பட்டது, கொடுத்தவர் பின்னர் ஒருமுறையேனும் நேரில் வந்து பார்த்தாரா என்பனவற்றை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்கும்போதுதான் அந்த அறிவிப்புக்கு உயிர் உண்டாகிறது. நம் மன்னார் வளைகுடாவுக்கு அத்தகைய சரிபார்ப்பு இன்னும் முறையாக வாய்க்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. அச்சரிபார்ப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை அறிய, முதலில் வேறொரு பவளக்கடலைப் பார்த்துவிட்டு நம் கடலுக்குத் திரும்புவோம்.

ஆஸ்திரேலியாவில் எழுந்த நான்கு கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பெரும் பவளத்திட்டு. 1975 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, அதனைக் காக்க ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. 1981 இல் அது உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் கடற்பூங்காவில் சுற்றுலாப் படகு நடத்துவதற்கும், படகுத்துறை அமைப்பதற்கும், ஆய்வு செய்வதற்கும், துறைமுகத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டுவதற்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

உலகமே போற்றும் அந்த ஆணையத்தின் வாயிற்கதவை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் தட்டியது. பணம் எங்கே போனது என்று கேட்பதற்காக அன்று. அனுமதிகள் எப்படி வழங்கப்பட்டன என்று கேட்பதற்காக. விண்ணப்பங்கள் விதிகள் கோரும் முறைப்படி ஆராயப்பட்டனவா? முடிவுக்கான காரணங்கள் முறையாகப் பதிவு செய்யப்பட்டனவா? விதித்த நிபந்தனைகள் கடலுக்கு நேரக்கூடிய கேட்டைத் தடுக்கத் தக்கவையா? அனுமதி பெற்றவர் நிபந்தனைகளை நிறைவேற்றுகிறாரா என்று பார்த்து, மீறியவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதா? தணிக்கையின் சாரம் இந்த நான்கு கேள்விகளே.

2015 ஆகஸ்டில் வெளியான அறிக்கை மழுப்பிப் பேசவில்லை. விண்ணப்ப ஆய்விலும், முடிவெடுத்தலிலும், நிபந்தனைகளின் தரத்திலும், அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்காணிப்பதிலும் குறைபாடுகள் உள்ளன. கடற்பூங்காவுக்கு வரும் கேட்டைத் தடுக்கும் கருவி என்ற முறையில் அனுமதி முறையின் பயனையே இக்குறைகள் குலைத்துவிட்டன என்று அது தீர்ப்புரைத்தது. ஐந்து பரிந்துரைகளை முன்வைத்தது. ஆணையம் அவற்றை ஏற்றுக்கொண்டது.

இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த அறிக்கை பேசியது கையூட்டைப் பற்றியன்று, கவனமின்மையைப் பற்றி. நேர்மையான அலுவலகமும், அனுமதி கொடுத்த பின் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை இழந்துவிட்டால், தான் காக்கவந்த கடலைத் தன் கையாலேயே சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்துவிடும் என்பதே அதன் பாடம். 2014 சனவரியில் அதே ஆணையம், அபாட் பாயிண்ட் துறைமுகத்தில் தோண்டவிருந்த 30 இலட்சம் கன மீட்டர் மண்ணைக் கடற்பூங்காவின் எல்லைக்குள் கொட்ட நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியது. மக்களின் எதிர்ப்பு வலுத்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது. துறைமுக விரிவாக்கத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கடற்பூங்காவுக்குள் கொட்டுவதையே 2015 இல் சட்டம் தடுத்துவிட்டது. ஓராண்டு முன்னர் "நிபந்தனைகளுடன் இயலும்" என்று கருதப்பட்டது, ஓராண்டு பின்னர் "கூடவே கூடாது" என்றாயிற்று. இடையில் மாறியது கடலன்று. கேள்வி கேட்டவர்களின் எண்ணிக்கைதான்.

நம் கடலும் நம் சட்டமும்

இனி நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையையொட்டிய 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக்க 1986 இல் தமிழக அரசு அறிவிக்கை செய்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர். 1989 இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப்பாறைகளும், கடற்புற்களும், அவற்றை மேயும் ஆவுளியாவும், முத்துச் சிப்பியும், சங்கும், கடல் அட்டையும் அங்கே வாழ்கின்றன. அக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களுள் நம் பங்குகளின் மக்களும் உளர்.

அறிவிப்பு வந்ததனால் கடல் காக்கப்பட்டதா? சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளப்பாறையை வெட்டியெடுக்கும் தொழில், 1986 க்குப் பின்னும் பல ஆண்டுகள் நிற்கவில்லை. அலையின் வேகத்தைத் தாங்கிநின்ற பாறைகள் போனபின் தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் ஆழ்ந்துவிட்டன. வான்தீவு தேய்ந்து சுருங்கிற்று. வரைபடத்தில் 21 தீவுகள் என்று இன்றும் எண்ணுகிறோம். அலைக்கு மேலே அத்தனை இல்லை.

சட்டம் உறங்கிக்கிடந்தது என்று சொல்வதற்கில்லை. எளியவரிடம் அது நன்றாகவே விழித்திருந்தது. 2001 இல் கடல் அட்டை பிடிப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதனை நம்பி வாழ்ந்த குளியாட்கள் ஒரே ஆணையில் தொழிலிழந்தனர். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் தேசியப் பூங்காவின் எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர். தாங்களாகவே பாசி எடுக்கும் நாள்களைக் குறைத்துக்கொண்டு, கடலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்த பெண்கள் அவர்கள். கடலைக் காக்க விதிகள் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கால்முட்டளவு நீரில் நிற்கும் பெண்ணின் பையைச் சோதிக்கும் அதே கண், மேசைமீது கிடக்கும் பெரிய கோப்பையும் அவ்வாறே சோதித்ததா என்பதுதான் நம் கேள்வி. அதற்கு இரண்டு சான்றுகளை வாசகர்முன் வைக்கிறோம்.

25 கிலோமீட்டர் என்ற நிபந்தனை

தூத்துக்குடி செம்பு உருக்காலைக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1994 இல் தடையில்லாச் சான்று வழங்கியபோது, சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி ஆலை அமையவேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்றாயிருந்தது. இதைவிடத் தெளிவான நிபந்தனை வேறு வேண்டுமா? அதனைச் சரிபார்க்க விஞ்ஞானியும் வேண்டா, ஆய்வுக்கூடமும் வேண்டா. ஒரு வரைபடமும் ஓர் அளவுகோலும் போதும். ஆயினும் ஆலை எழுந்தது, இயங்கியது. நிபந்தனை எழுதப்பட்ட தாள் ஓரிடத்திலும் ஆலை வேறோரிடத்திலுமாக ஆண்டுகள் உருண்டோடின.

வழக்குகள் நடந்தன. 2010 இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. எனினும் சூழலை மாசுபடுத்தியதற்காகவும், நெடுங்காலம் வாரியத்தின் இசைவைப் புதுப்பிக்காமலே ஆலையை நடத்தியதற்காகவும் 100 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்னது. மன்னார் வளைகுடாத் தீவுகளுள் நான்கிலிருந்து 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே ஆலை அமைந்துள்ளது என்பதும் அத்தீர்ப்பில் பதிவாயிற்று. நிபந்தனை விதித்த அலுவலகம் தன் மேசையிலேயே அளந்து அறிந்திருக்க வேண்டியதை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பில் நாம் படிக்க நேர்ந்தது.

அதன் பின் நடந்ததை நாடே அறியும். 2018 மே 22 அன்று போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதே மாதம் அரசு ஆலையை மூட ஆணையிட்டது. 2020 இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 1994 இலிருந்து 2024 வரை முப்பது ஆண்டுகள்! இந்த முப்பது ஆண்டுகளில் ஏதேனும் ஓராண்டில், வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்து, "நீங்கள் விதித்த நிபந்தனை நிறைவேறியதா? அளந்தவர் யார்? அளந்த நாள் எது?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் வரலாறு எந்தத் திசையில் சென்றிருக்கும்? யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. அக்கேள்விகள் காலத்தில் கேட்கப்படாததற்கு விலை கொடுத்தவர்கள் அலுவலர்கள் அல்லர் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பாசிக்குத் தெரியாத எல்லைக்கோடு

இரண்டாவது சான்று இவ்வளவு ஆரவாரமற்றது. ஆயினும் பாடம் ஒன்றே. கப்பாபைக்கஸ் என்பது நம் கடலுக்குரிய பாசியன்று, அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. உணவுத் தொழிலுக்கு வேண்டிய கூழ்ப்பொருளைத் தருவதால் அதற்குச் சந்தையில் மதிப்பு உண்டு. மண்டபம் பகுதியில் ஆய்வாகத் தொடங்கி, பின்னர் வணிக அளவில் வளர்க்கப்பட்டது. கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, அது வருவாய் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பவளப்பாறைகளுக்கு அதனால் கேடு வரலாம் என்ற அச்சம் எழுந்தபோது, பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் அதனை வளர்க்கலாம் என்று 2005 இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. கடல்மீது ஒரு கோடு போடப்பட்டது. ஆனால் பாசி அரசாணையைப் படிப்பதில்லையே! தேசியப் பூங்காவைச் சேர்ந்த குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மீது அது படர்ந்து மூடியிருந்ததை 2008 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதன்பின் அதனைக் கையால் பறித்து அகற்றும் வேலை நடந்தது. அனுமதிக்கு முன் செய்யவேண்டிய ஆராய்ச்சியைச் செய்யாமல், அனுமதிக்குப் பின் மூச்சடக்கி மூழ்கிப் பிடுங்கினோம்.

கடற்பாசி வளர்ப்புக்கு அரசு இன்று பெரும் ஊக்கமளித்து வருகிறது. நாம் அதற்கு எதிரிகள் அல்லர். எந்தப் பாசி, எந்த இடம், தீவிலிருந்து எத்தனை தொலைவு, படர்ந்தால் அகற்றும் பொறுப்பு யாருடையது என்பவை எழுத்தில் இருக்கின்றனவா, அவற்றைப் பார்ப்பவர் யார் என்றுதான் கேட்கிறோம். வளர்த்த குடும்பத்தின்மீது பழியும், ஊக்குவித்த நிறுவனத்துக்குப் புகழும் என்ற பங்கீடு இனியும் வேண்டா.

நம் தணிக்கையாளர் சொன்னது

இந்தியாவில் யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. கடலோரச் சூழலமைப்புகள் காக்கப்படும் முறையை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். 2015 முதல் 2020 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்ட அவ்வறிக்கை 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தேசியக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் நிலையான அமைப்பாக ஏற்படுத்தப்படவில்லை. காலத்துக்குக் காலம் கலைந்து மீண்டும் கூடுகிறது. திட்டங்களை மதிப்பிடும் நிபுணர் குழு, உறுப்பினர்களுள் பாதிப்பேர்கூட இல்லாமல் கூடி முடிவெடுத்த நேரங்கள் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் குறைகள் இருந்தும் திட்டங்களுக்கு ஒப்புதல் தரப்பட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகளைக் காக்கும் செயல்திட்டத்தைத் தமிழகம் வகுக்கவில்லை. மாவட்ட அளவிலான குழுக்களில் மரபுவழிக் கடலோர மக்களின் பங்கேற்பு போதவில்லை. இவை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியவற்றுள் சில.

இவ்வரிகளை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். கடலில் வாழ்பவனுக்குக் கடலைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் இடமில்லை! நாற்காலிகள் பாதி வெறுமையாயிருந்தபோதும் முடிவுகள் மட்டும் முழுமையாய் எடுக்கப்பட்டன! இந்த அறிக்கை நம் கடலோர ஊர்களில் எத்தனை இடங்களில் வாசிக்கப்பட்டது? எத்தனை சட்டமன்ற உறுப்பினரிடம் நாம் இதைப் பற்றிக் கேட்டோம்? நாடு முழுவதற்குமான அந்தப் பேரறிக்கை நன்று. ஆனால் மன்னார் வளைகுடாவில் வழங்கப்பட்ட ஒவ்வோர் அனுமதியையும், ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் போல, தனித்தனியே எடுத்துக் கேள்வி கேட்கும் தணிக்கை நமக்குத் தேவை.

மறுப்புகளும் விடைகளும்

"இப்படிக் கேள்வி கேட்டால் தொழில் வளருமா?" என்பர் சிலர். வளரும். நிபந்தனையைத் தொடக்கத்திலேயே அளந்து பார்த்திருந்தால், கட்டி முடித்த ஆலையை மூடவேண்டிய நிலையும், ஆயிரக்கணக்கானோர் வேலையிழக்கும் துன்பமும் வந்திரா. காலத்தில் சொல்லப்படும் மறுப்பு தொழிலுக்கும் நன்மையே செய்கிறது.

"கடலைக் கெடுப்பவர்கள் மீனவர்களே, வெடி வைப்பதும், இழுவைமடி போட்டுக் கடலடியைச் சுரண்டுவதும் அவர்கள்தாமே?" என்பர் வேறு சிலர். வெடியும் குற்றமே, தடுக்கப்பட்ட பகுதியில் இழுவைமடி போடுவதும் குற்றமே. அவற்றுக்கு நாம் விலக்குக் கோரவில்லை. வள்ளத்தின்மீது விழும் சட்டத்தின் பார்வை, கோப்பின்மீதும் விழவேண்டும் என்கிறோம். ஒருபக்கம் மட்டும் பார்க்கும் சட்டத்தை எளியவர்கள் தங்களுடையதாக ஏற்கமாட்டார்கள். ஏற்காத சட்டத்தால் எந்தக் கடலையும் காக்க முடியாது.

"தணிக்கை அறிக்கையும் ஒரு காகிதந்தானே, அதனால் பவளம் வளர்ந்துவிடுமா?" என்ற மூன்றாவது மறுப்பு வலுவானது. ஆஸ்திரேலியப் பவளத்திட்டு 2016 க்குப் பின் கடல்நீர் வெப்பமடைந்ததால் மீண்டும் மீண்டும் வெளிறிப்போனது. அதை எந்தத் தணிக்கையாலும் தடுக்க முடியவில்லை. நம் வளைகுடாவிலும் 2010 இலும் 2016 இலும் பவளங்கள் வெளிறின. ஆனால், வெப்பத்தால் மெலிந்து நிற்கும் உயிரின்மீது கழிவையும் சேற்றையும் சுமத்தாமலிருப்பது நம் கையில் உள்ளதன்றோ? நோயாளியின் காய்ச்சலை உடனே தணிக்க இயலவில்லை என்பதற்காக, அவனுக்கு நஞ்சு கொடுப்பவனைக் கண்டுகொள்ளாமல் விடுவோமா?

நாம் கேட்பன

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 ஜூனில் வெளியான "இறைவா உமக்கே புகழ்" சுற்றுமடலில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்பது திட்டம் வகுத்து முடிந்தபின் ஒட்டவைக்கும் சடங்காகிவிடக் கூடாது. அது தொடக்கத்திலிருந்தே, வெளிப்படையாக, பொருளாதார அரசியல் அழுத்தங்களுக்கு உட்படாமல் நடைபெறவேண்டும். அவ்விடத்து மக்களுக்கு உரையாடலில் தனியிடம் வேண்டும் என்று எடுத்துரைத்தார். நம் கோரிக்கைகளும் அவ்வளவே.

மன்னார் வளைகுடாவிலும் அதன் கரையிலும் வழங்கப்படும் எல்லா அனுமதிகளும், அவற்றின் நிபந்தனைகளோடு தமிழில் ஒரே பதிவேட்டில் எழுதப்பட்டு, கடலோர ஊராட்சிதோறும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே, அதனைச் சரிபார்க்கும் அலுவலரின் பதவியும், சரிபார்த்த நாளும், கண்ட முடிவும் குறிக்கப்படவேண்டும். மாவட்டக் குழுக்களில் மீனவரும், பாசி எடுக்கும் பெண்களும் பெயருக்கன்றி வாக்குரிமையோடு அமரவேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அனுமதிகள் தனியே தணிக்கை செய்யப்பட்டு, முந்திய தணிக்கையின் பரிந்துரைகள் நிறைவேறினவா என்பதும் சட்டமன்றத்தில் சொல்லப்படவேண்டும்.

இவை அரசு செய்யவேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. சிறு கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, நம் கரையில் இயங்கும் எந்த ஆலைக்கு, எந்தத் திட்டத்துக்கு என்ன நிபந்தனை விதிக்கப்பட்டது, கடைசியாக ஆய்வு நடந்த நாள் எது என்று கேட்கலாம். அன்பியக் கூட்டங்களில் அந்த விடையைப் படித்துப் பேசலாம். கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். படித்த நம் இளைஞர்கள் அந்த நிபந்தனைகளை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 25 கிலோமீட்டரை அளக்கப் பட்டம் தேவையில்லை.

கடல் நமக்குச் சொந்தமன்று; நம் பிள்ளைகளுக்காக நாம் கண்காணிப்பில் வைத்திருக்கும் பொருள். கண்காணிப்பாளன் எவனாயினும் ஒருநாள் கணக்கு ஒப்படைத்தே தீரவேண்டும். மாநில அரசாயினும் மத்திய அரசாயினும், வாரியமாயினும் வனத்துறையாயினும், இந்த விதிக்கு விலக்கில்லை. அனுமதி வழங்கும் அதிகாரத்தை நாமே சட்டத்தின் வழியாக அவர்களுக்கு ஒப்படைத்திருக்கிறோம். ஒப்படைத்தவர்கள் கணக்குக் கேட்பது கலகமாகாது. அது நம் கடமை. அக்கடமையை அடுத்த தீவு நீருக்குள் ஆழ்வதற்கு முன்பே செய்யத் தொடங்குவோம்.